தரையை விட்டு எழும்பிய குளம்

மலேசியாவில், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் ரயில். எனக்கு எதிரே இரண்டு பேர். இளையவர் வீடுகளில் சில்லறை ரிப்பேர் வேலை பார்ப்பவர். மற்றவர் அவருக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர். பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணே, பங்சார் மேடம் வீட்டு நீச்சல் குளம் மேல வந்துருச்சு."

"தண்ணியா?"

"தண்ணி இல்லண்ணே, குளமே. மண்ணுல பதிச்சிருந்த அந்த பைபர் தொட்டி தரையை விட்டு இடுப்பு உசரம் எழும்பி நிக்குது."

பெரியவர் முழுசாக அவர் பக்கம் திரும்பினார்.

"டேய், என்னடா பண்ணுன?"

"பாசி புடிச்சுக் கெடந்துச்சு. வீட்டு டேங்க் கழுவுற மாதிரி தண்ணிய பூரா எறைச்சிட்டுத் தேய்ச்சேன். அப்புறம் விடாம மழை. மண்ணுக்கடியில தண்ணி ஏறி, காலித் தொட்டிய படகு மாதிரி தூக்கிருச்சு."

"குளத்தை யாராச்சும் காலி பண்ணுவாங்களா? மருந்து போட்டு பில்டரை ஓட விட்டாப் போதும் லா! எல்லா வேலையும் தெரிஞ்ச பையன்னு மேடத்துக்கிட்ட நான்தானே சொன்னேன். இனி என்னை வாசல்ல சேர்ப்பாங்களா?"

"அதான் உங்களையும் கூட்டிட்டு பங்சாருக்குப் போறேன். மேடம் இன்னைக்குத்தான் ஊர்லேருந்து திரும்புறாங்க, நேர்ல சொல்லிடலாம்ணே."

அதற்குள் இளையவரின் போன் அடித்தது. மேடத்தின் குரல் எனக்கே கேட்டது.

"குளம் கழுவியாச்சா? சனிக்கிழமை பிள்ளைங்க குளிக்க வராங்க."

இளையவர் எழுந்து நின்றுகொண்டார்.

"சுத்தமா கழுவியாச்சு மேடம். ஆனா, இருந்த எடத்துல இல்ல."