பாலாவின் புருஷன்

குளிர்காலத்தில் மலையேறப் போகிறவர்களுக்குச் சப்பாத்தைவிடக் காலுறைதான் முக்கியம். பலருக்கு இது தெரியாது. உள்ளே மெல்லியதாக ஒரு சோடி, மேலே கம்பளியில் இன்னொரு சோடி போடவேண்டும். பாலேஸ்வரி எப்போதும் ஒன்றோடு ஓடப் பார்ப்பாள். நான் விடமாட்டேன். ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மெண்ட் வாசலில் அவளை இருத்தி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் காரை எடுப்பேன். அன்றைக்கும் அவள் காலில் இரண்டு சோடி இருந்தது. அவளைப் பாறைக்குக் கீழேயிருந்து தூக்கி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

லோயர் ஐயா, நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தந்தால் போதும், இங்கிலீசில் மாற்றுவது உங்கள் வேலை என்று சொன்னீர்கள். அது எனக்கு வசதி. போன மாதம் பொலிசாரிடம் நான் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். பனி மூடியது, மனைவியைக் காணவில்லை, தேடினேன், கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதில் தேடினேன் என்பது மட்டும் பொய்.

என் பெயர் தியாகலிங்கம். வயது முப்பத்தெட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றொன்றில் கனடாவுக்கு வந்தோம். நான் பிளாஸ்ரிக் வாளி செய்யும் பக்டரியில் வேலை. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் நின்றாள். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் புதன்கிழமைதான் ஓய்வு. முதல் நான்கு வருடமும் புதன்கிழமைகளில் நித்திரை கொண்டோம். அப்படியே இருந்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

பிறகு மக்டலீன் வந்து சேர்ந்தாள். எழுபது வயது வெள்ளைக்காரி. அந்த இல்லத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். புதன்கிழமைகளில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மலைக்கு நடக்கப் போவாள். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால், ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கம் நீளமாக ஒரு மலைவிளிம்பு இருக்கிறது. மேலே காடு. ஓரத்தில் பாறை செங்குத்தாக இறங்கும். கோடையில் வெறுமனே நடப்பார்கள். பனி விழுந்தால், கால் புதையாமல் இருக்க அகலமான ஸ்னோ ஷூவைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள்.

எங்கள் ஆட்கள் கேள்விப்பட்டுச் சிரித்தார்கள். "விசரே உங்களுக்கு? காலிலை சுளகைக் கட்டிக்கொண்டு பனிக்குள்ளை என்னத்தைத் தேடுறியள்?" என்று மேல்மாடி அகஸ்ரின் அண்ணை கேட்டார். பாலேஸ்வரி அவரைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அடுத்த புதன்கிழமையும் போனாள். அவளைத் தனியே விடக்கூடாதே என்று நானும் போனேன்.

அவளுக்கு அது நன்றாக வந்தது. பாரம் குறைந்தவள், பனி அவளைத் தாங்கும். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, வாறியளோ?" என்பாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். புருஷனின் பெயரைச் சொன்னால் அவனுடைய ஆயுள் குறையும் என்று தாய் சொல்லிக் கொடுத்திருந்தாள். எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளைக்கும் அப்படித் தெரியாது.

மலையில்தான் தெரிந்தது. அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் அவள் "மக்டலீன் அன்ரி" என்றாள். அன்ரி வேண்டாம் என்று கிழவி சொல்லிவிட்டாள். ஒரு மாதத்துக்குள் "மக்டலீன்" என்று காடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடப் பழகிவிட்டாள். ஒருநாள் யாரோ அவளிடம் என் பெயரைக் கேட்டார்கள். கையுறையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு என்னைக் காட்டினாள். நானே சொன்னேன். அவர்கள் வாயில் அது நிற்கவில்லை. அவள் பாலா ஆனாள். நான் பாலாவின் புருஷன் ஆனேன்.

எனக்கு அது உறைத்தது. ஒளிக்கவில்லை, நன்றாகவே உறைத்தது. பக்டரியில் என்னை ரோனி என்கிறார்கள், அது ஃபோர்மன் வைத்த பெயர். எங்கள் ஆட்களில் சின்னவர்கள் அண்ணை என்பார்கள், பெரியவர்கள் தம்பி என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அம்மா தொண்ணூற்றைந்தில் செத்துப்போனா. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளும் சொல்லமாட்டாள்.

காரில் திரும்பி வரும்போது ஒருநாள் கேட்டேன்.

"ஒருக்கால் என்ரை பேரைச் சொல்லு பாப்பம்."

"போங்கோ. எனக்கு வாயிலை வராது."

"மக்டலீன் எண்டு வருதுதானே."

"அவ ஆர், நீங்கள் ஆர்? உங்களுக்கு ஒண்டு ஆகிப்போச்செண்டால் நான் என்ன செய்யிறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகும் கேட்டேன். ஏழெட்டுத் தரமாவது கேட்டிருப்பேன். ஒருமுறை சாப்பாட்டுத் தட்டையும் தள்ளிவிட்டேன். அவள் நிலத்தைத் துடைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, கை சுட்டதோ?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் மக்டலீன் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துண்டுக் கடதாசி. பாலேஸ்வரியின் கையெழுத்து. என் பெயரை இங்கிலீஸ் எழுத்தில் ஐந்தாகப் பிரித்து எழுதியிருந்தாள். பெப்ரவரியில் என் பிறந்தநாள் வருகிறது, அன்றைக்கு எல்லோருமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், பிழைவிடாமல் பழகுங்கள் என்று குழுவில் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தாளாம். வாயால் சொல்லாமல் எழுதியே கொடுத்தாளாம். மக்டலீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தி, யா, க, லிங், கம்" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி மாதம், இரண்டாவது புதன்கிழமை. மக்டலீனுக்குத் தடிமனும் இருமலும், மற்றவர்களும் வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. பகல் இரண்டு மணியிருக்கும். என் ஸ்னோ ஷூவின் வார் கழன்றது. நான் ஒரு சீடர் மரத்தின் பின்னால் குந்தி அதைக் கட்டினேன். அவள் அதைக் காணாமல் முன்னால் நடந்துவிட்டாள். அந்த நேரம் வளைகுடாப் பக்கத்திலிருந்து காற்று பனியை அள்ளிக்கொண்டு வந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள்.

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு, பெயரைச் சொல்லட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. இரண்டு நிமிஷம் விளையாடுவோம் என்றுதான் நினைத்தேன். பின்னால் வருகிறவன் என்பதால் குழுவின் விசில் என்னிடம்தான் இருக்கும். அது ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு கிடந்தது. சூடாக இருந்தது.

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், நாற்பது நிமிஷம். அடுப்பு வைத்த மரக்குடில் ஒன்று பக்கத்தில்தான் இருந்தது. பாதை நெடுக மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தது, அவளுக்கு வழி நன்றாகத் தெரியும். அவள் போகவில்லை. தொலைந்துபோனது நான் என்று நினைத்துவிட்டாள். பாதையை விட்டு இறங்கி என்னைத் தேடத் தொடங்கினாள். குரல் வலப்பக்கம் போனது. அந்தப் பக்கம்தான் விளிம்பு. பனிக்காலத்தில் பாறை முடிந்த இடத்துக்கு வெளியேயும் பனி நீட்டிக்கொண்டு நிற்கும், மிதித்தால் போச்சு என்று முதல் வருடமே அவளுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்.

அப்போது கத்தியிருக்கலாம், விசிலை ஊதியிருக்கலாம். என்னால் முடியவில்லை. என்னை யாரோ அந்த மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டதுபோல இருந்தது. நான் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. நின்றேன், அவ்வளவுதான். இதையும் மறக்காமல் இங்கிலீசில் போடுங்கள்.

பிறகு அவள் சொன்னாள்.

"தியாகலிங்கம்."

ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஒன்பது வருடமாக வராத வாய்க்கு எவ்வளவு சுத்தமாக வந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லவேண்டும், அது சந்தோஷக் கண்ணீர். இரண்டாம் தரம் இன்னும் தள்ளி, அழுதுகொண்டு கூப்பிட்டாள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அதன்பின் கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிறபோது கேட்குமே, அப்படி ஒரு சத்தம். பிறகு காற்று மட்டும்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் மரத்தடியில் காத்துக்கொண்டு நின்றேன். நேர்மையாகச் சொல்கிறேன், மூன்றாம் தரம் கூப்பிட்டிருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.