நாங்களே கூப்பிடறோம்

– நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க சார், நான் நிக்கறேன். ஆனா பல் செட்டு வாங்காம நகர மாட்டேன்.

– அட, உங்களை யாரு தங்கச்சி நகரச் சொன்னா? மெழுகு சூடா இருக்கு. இப்பக் கையை எடுத்தா பல்லு வரிசை கோணிக்கும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. செட்டு யாருக்கு?

– எங்கம்மாவுக்கு. மழைக்கு முன்னாடி வந்து அச்சு குடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் எத்தனை போன், எத்தனை மெசேஜ். கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு பதிலும் இல்ல.

– போனா? அது டிராயர்ல கிடக்கு. பல்லு வெக்கும்போது மணி அடிச்சா கை உதறுது, அதான் சத்தத்தை அமுக்கி வெச்சிருக்கேன். முன்னாடி ஒரு பொண்ணு எடுத்துப் பேசும். கல்யாணமாகிப் போயிடுச்சு. பொய் சொல்லக் கூடாது, அதுலேருந்து அந்த டிராயரைத் தொறக்கவே பயமா இருக்கு. தொறந்தா எல்லாரும் ஒரே நேரத்துல திட்டுவாங்க.

– அம்மாவுக்குத் தெரியாம ஒரு நாள் நேர்லயே வந்தேன். கடை பூட்டியிருந்துச்சு. கதவுல சீட்டு ஒட்டியிருந்தீங்க, ‘போனில் தொடர்பு கொள்ளவும்’னு.

– அது மச்சினன் பொண்ணு விசேஷத்துக்குப் போயிருந்தப்ப... சரி விடுங்க, எந்த மூஞ்சியை வெச்சுட்டு சமாதானம் சொல்றது. அம்மா எப்படி இருப்பாங்க? பேரு சொன்னா எனக்கு ஏறாது, வாயைச் சொன்னாதான் ஞாபகம் வரும்.

– டீச்சரா இருந்தவங்க. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து வேணும்னு கேட்டவங்க.

– அடடே, டீச்சரம்மா மகளா நீங்க? முதல்லயே சொல்றதுக்கென்ன. அது எப்பவோ ரெடி. அதோ, மேல் தட்டுல நீல மூடி டப்பா. தண்ணியில ஊறிட்டுக் கிடக்கு பாருங்க.

– எப்பவோன்னா?

– மழை விடறதுக்கு முன்னாடியே.

– ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?

– இந்தக் கடையில அதுதான் பழக்கம், தங்கச்சி. பல்லு இல்லாதவங்க எத்தனை நாள் பொறுப்பாங்க? தானா வந்து நிப்பாங்க. டீச்சரம்மா வரலைன்னதும், சரி, வேற எங்கயோ கட்டிக்கிட்டாங்க போலன்னு இருந்துட்டேன்.

– ‘நாங்களே கூப்பிடறோம், அதுவரைக்கும் வர வேண்டாம்’னு உங்க கடைப் பொண்ணுதான் சொல்லி அனுப்பிச்சுது.

– கூட்டம் சேரக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லும். யாரு அதைக் கேக்கறா?

– எங்கம்மா கேட்டாங்க. கூப்பிட்டாதான் எழுந்து வரணும்னு காலமெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தவங்க சார் அவங்க. வாம்மா, போய்க் கேட்டுடலாம்னு நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ‘கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்கல்ல, அதுக்குள்ள போய் நின்னா மரியாதையா இருக்குமா?’ன்னுட்டாங்க.

– அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க?

– கரைச்சுக் குடிச்சாங்க. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பேச்சையே விட்டுட்டாங்க. ‘பல்லு போனா சொல்லு போச்சு’ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அதுவே காத்தா வந்துச்சு, எனக்குப் புரியல. என்னம்மான்னு திரும்பக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் யாரு வந்தாலும் உள்ள போய்ப் படுத்துப்பாங்க. பேத்தி சிரிப்பு காட்டினாக்கூடக் கையால வாயைப் பொத்திப்பாங்க.

– தப்புதான். வேற என்ன சொல்றது, முழுத் தப்பும் என் மேலதான். இருங்க, கையைக் கழுவிட்டு எடுத்துத் தரேன்... இந்தாங்க, பாருங்க. அந்தச் சந்து தெரியுதா? எல்லாரும் சந்தை அடைக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. வெச்சுக் குடுங்கன்னு கேட்டது இவங்க ஒருத்தர்தான். ஏன்னு கேட்டதுக்குச் சிரிச்சாங்க, சொல்லல.

– எங்கப்பா அந்தச் சந்தைப் பாத்துதான் கட்டிக்கிட்டாராம். அவரு போய் ரொம்ப வருஷமாச்சு. ‘நான் மேல போய் நிக்கும்போது உங்கப்பாவுக்கு அடையாளம் தெரியணுமே, பொக்கை வாயோட போனா யாரோ கிழவின்னு திரும்பிப்பாரு’ன்னு சொல்லிட்டே இருப்பாங்க.

– நல்ல குறும்பு. சரி, நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஒரு தடவை கடிக்கச் சொல்லிப் பாத்து, உரசற இடத்தைத் தேய்ச்சுக் குடுத்துடறேன்.

– நாளைக்கு வேணாம். இப்பவே குடுங்க.

– பாக்காம குடுத்தா ஈறு புண்ணாயிடும் தங்கச்சி.

– ஆகாது சார்.

– என் மேல கோபம், நியாயம்தான். அதுக்காக வயசானவங்களை வதைக்கலாமா? அவங்களால நடக்க முடியலையா? நானே வீட்டுக்கு வந்து மாட்டி விடறேன். முதல்ல அவங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுக்கறேன், இருங்க. எங்க இந்த போன்... இதோ, ‘டீச்சரம்மா’ன்னு அந்தப் பொண்ணு பதிஞ்சு வெச்சிருக்கு. ஐயோ, இத்தனை தடவையா கூப்பிட்டிருக்காங்க? நேத்துக் காலையிலகூட கூப்பிட்டிருக்காங்களே.

– வேணாம் சார். கூப்பிடாதீங்க.

– இதுகூடப் பண்ணலைன்னா நான் மனுஷனா? போகுது, மணி அடிக்குது... என்ன தங்கச்சி, உங்க பைக்குள்ள பள்ளிக்கூட மணி மாதிரி ஏதோ கேக்குதே?

– அம்மா போன்தான். உங்க நம்பருக்கு மட்டும் தனியா அந்தச் சத்தம் வெக்கச் சொன்னாங்க. குளிக்கப் போனாலும் கதவுகிட்ட வெச்சுட்டுத்தான் போவாங்க. இன்னிக்குத்தான் முதல் தடவையா அடிக்குது.

– அவங்க போன் ஏன் உங்ககிட்ட இருக்கு?

– அந்த டப்பாவைக் குடுங்க சார். மூணு மணிக்கு எடுக்கறாங்க.