ராணியம்மா ரெண்டாவது சீன்ல சாகணும்

கோவம் நியாயந்தாம்மா, நான் இல்லேங்கல. ஆனா கிரீடத்த மட்டும் கழட்டாதீங்க. மறுபடி வெச்சுப் பின் குத்துறதுக்குள்ள வெயில் போயிரும். ஏய் நூகராஜு, என்னடா வேடிக்கை? அம்மாவுக்கு நெத்தி வேர்க்குது பாரு, ஒத்தி எடு.

டைரக்டரா? அவரு வர மாட்டாரும்மா. நல்ல சேதின்னா அவரே வருவாரு. மத்ததுக்குத்தான் கோ-டைரக்டர்னு என்னைய வெச்சிருக்காரு. இந்தச் சிம்மாசலம் வந்து கேரவன் கதவத் தட்டினாலே உள்ள இருக்குறவருக்கு என்னமோ போச்சுன்னு யூனிட்டுக்கே தெரியும். லைட்மேனுங்க என்னைப் பார்த்ததும் சாவு வீட்டுக்குப் போற ஆளுக்கு ஒதுங்குற மாதிரி ஒதுங்குறானுங்க.

ஆமா. ராஜமுந்திரியில உங்க வீட்டுக்கு வந்து கதை சொன்னது நாந்தான். பெசரட்டு தோசை போட்டுக் குடுத்தீங்க, இஞ்சித் தொவையலோட. மறக்கல. குகையில பாம்புங்களுக்கு நடுவுல புள்ளைய வளர்க்குற ராணி, கடைசில மந்திரவாதி தலைய அவளே வெட்டுறான்னு சொன்னேன். நீங்க தோசைக்கரண்டியோட அப்படியே நின்னுட்டீங்க, கல்லுல இருந்தது தீஞ்சே போச்சு. அன்னிக்குக் கதை அதுதாம்மா. நான் பொய் சொல்லல. கதைதான் அப்புறமா பொய்யாப் போச்சு.

பழைய ஹீரோ பாதியில வேற படத்துக்கு ஓடுனான். ஆதர்ஷ் பாபு வந்தாரு. மந்திரவாதிய அம்மாவே வெட்டிட்டா அப்ப நான் எதுக்குன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. உங்க கத்தி போச்சு. பாம்புங்களுக்கு கிராபிக்ஸ் செலவு தாங்காதுன்னாங்க, குகை போச்சு. சின்னப் புள்ளைங்க சிரிக்கணும்னு பேசுற கிளி ஒண்ணக் கொண்டு வந்தாங்க, உங்க டயலாக்குல நல்லதாப் பார்த்து ரெண்ட அது தூக்கிக்கிச்சு. டப்பிங்ல கேட்டேன். கிளி நல்லாத்தான் சொல்லுது.

சிரிப்பு வந்துச்சுல்ல? வரலையா. சரி.

அப்புறம் இன்னிக்குக் காலையில வந்த புது சீன் பேப்பர். ராணி ரெண்டாவது சீன்லயே செத்தாச்சு. வாய்ப்பேச்சு ஒண்ணும் கிடையாது. பூப்பல்லக்குல படுத்துக்கிட்டே வர்றீங்க, இளவரசன் ஓடி வந்து உங்க மேல விழுந்து அழுவுறான். அவ்வளவுதான். யாரு எழுதினதா? யாரு எழுதினா என்னம்மா இப்ப.

சகுனத்துக்குப் பயமா? அதுக்குத்தான் நான் இருக்கேனே. ஷாட் ஓகே ஆனதும் எந்திரிச்சு உக்காந்து கேமராவப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிங்க, பூசணிக்காய் உடைச்சிரலாம். செத்த வேஷம் போட்ட யாரும் அப்படிச் சிரிக்காம நான் பேக்-அப் சொல்ல விட்டதில்ல. ஒருதடவை ஒருத்தர் பொணமாப் படுத்து நெசமாவே தூங்கிட்டாரு. எழுப்பி, மூஞ்சி கழுவ வெச்சு, சிரிக்க வெச்சுத்தான் அனுப்புனேன்.

ஓ. சகுனம் இல்லையா.

புரியுதும்மா. மேடையில அத்தன வருசம் சத்தியபாமாவா நின்ன ஆளு. சீரியல்ல போயி மாமியாரா உக்காந்து காப்பி ஆத்திக்கிட்டு இருந்தீங்க. மறுபடி ஒரு ராணின்னு வந்தா, படுன்னு சொல்றோம். சாயங்கால வண்டிக்குக் கிளம்புறேங்குறீங்க. கிளம்பினா யாரும் கையப் பிடிச்சு இழுக்க மாட்டாங்க. அதத்தான் சொல்ல வர்றேன். யாரும் இழுக்க மாட்டாங்க.

மந்திரி வேஷம் கட்டுன அப்பல்நரசய்யா ஞாபகம் இருக்கா? காக்கிநாடாக்காரரு. அவரை மாத்துனத அவருகிட்ட யாருமே சொல்லல. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில தட்டோட நிக்குறாரு, முன்னாடி நிக்குற ஆளு திரும்புறான், அவரு தலைப்பாகை அந்த ஆளு தலையில. மனுசன் கோங்குராத் தொவையல் போட்டு முழுச் சோறும் சாப்பிட்டாரு, ஒட்டு மீசையப் பிச்சு மடிச்சு என் கையில குடுத்தாரு, பஸ் ஏறிப் போயிட்டாரு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. இங்க இப்படித்தாம்மா. வாயால சொல்ல மாட்டாங்க. தலைப்பாகை சொல்லும்.

வெயில் எறங்குது. அங்க ஊர் சனமா நடிக்க வந்த அத்தன பேரும் வெள்ளை உடுத்திக்கிட்டு நிக்குறாங்க. ஆதர்ஷ் பாபு அழுவுறதுக்குக் கண்ணுல கிளிசரின் போட்டுட்டு ரெடியா இருக்காரு. நூகராஜு, அம்மாவுக்கு டீ வாங்கிட்டு வா. சர்க்கரை இல்லாம. இங்க ஃபிளாஸ்க்ல இருக்குறது வேணாம்டா, பெரிய கிச்சன்ல இருந்து. நடந்தே போ, சிந்திராம.

போயிட்டானா? அவன் ஆதர்ஷ் பாபுவோட ஆளு. இங்க தும்மினா அங்க துண்டு எடுப்பாங்க.

இப்பக் கேளுங்கம்மா. பழைய ஹீரோவோட நீங்க நடிச்சது மொத்தமும் குப்பையில. இன்னிக்குத் தேதிக்கு இந்தப் படத்துல உங்க மூஞ்சி எங்கயுமே இல்ல. அதத் தெரிஞ்சுதான் ஒரு வேலை செஞ்சாங்க. பாம்பேல இருந்து ஒரு பழைய ஹீரோயினப் பேசி முடிச்சிட்டாங்க. அங்கயும் படம் ஓடணும்ல. திங்கக்கிழமை வர்றதா இருந்துச்சு, உங்க வேஷத்துக்கு. டெய்லர்கிட்ட வேற அளவுல ஒரு ஜரிகை ரவிக்கை தொங்குறத நேத்துப் பார்த்தேன்.

வர்றதா இருந்துச்சுங்குறேன்ல. இப்ப வரல. பொணமாப் படுக்க எவ பிளேன் ஏறி வருவா? காலையில சேதி போனதுமே முடியாதுன்னுட்டாங்க.

அந்தப் பேப்பர் நான் எழுதினது. ராத்திரி உக்காந்து எழுதினேன். டைரக்டர்கிட்ட இது ஆதர்ஷ் பாபு ஆசைன்னேன். ஆதர்ஷ் பாபுகிட்ட டைரக்டர் யோசனைன்னேன். ரெண்டு பேருக்கும் ஒரு மாசமாப் பேச்சு கிடையாது, அதனால பொழைச்சேன். அம்மா பொணத்து மேல விழுந்து அழுவுற சீன வேணாங்குற ஹீரோவ நான் இதுவரைக்கும் பார்க்கல.

அவரு ஒருதடவை உங்க மேல விழுந்து அழுதுட்டாருன்னா போதும். அப்புறம் கனவுல வர்ற அம்மா, கோட்டை வாசல் சிலை, கடைசியில ஆகாசத்துல நின்னு கத்தி எடுத்துக் குடுக்குற தெய்வம், எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் இருந்தாகணும். அந்தப் பக்கமெல்லாம் இன்னும் நான் எழுதல. நாளைக்கு எழுதிக்கிறேன். செத்தவள மாத்த முடியாதும்மா. உசுரோட இருக்குறவளத்தான் மாத்துவாங்க.

ஐயோ, அழாதீங்க, மை ஓடுது. எந்திரிங்க. படி உயரம், பாத்து. வெளிய வரும்போது இப்ப வரைக்கும் இருந்தீங்கள்ல, அதே மாதிரி மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்குங்க. ரெண்டு வார்த்தை என்னையத் திட்டிக்கிட்டே வாங்க. நல்லாச் சத்தமாவே திட்டுங்க.