புல்வெளியில் ஒரு கொடி

பாபநாசம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர், துபாய் கோல்ஃப் மைதானமொன்றில் புல் வெட்டுகிறவர். லீவில் வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மாமா.

“கோல்ஃப்ல பெரிய ஆட்டக்காரரு ஒருத்தரு இருக்காரு. அந்த ஒரு ஆளு வந்தாத்தான் மாமா டிவி, கூட்டம், பெரிய பரிசு எல்லாம். முதுகுவலின்னு அவரு வரலேன்னா மைதானமே காத்தாடும்.”

“பந்து எங்க போவணும்?”

“கொடி நட்ட குழிக்குள்ள.”

“நம்ம வயல்ல தகராறு பண்ணி நட்டுருக்கானுவளே, அந்த மாதிரியா? எந்தக் கட்சி?”

“கட்சியெல்லாம் இல்ல. அவரு குழிக்குப் பக்கத்துல வந்ததும் கொடியப் புடுங்கிடுவாங்க. அத்தனை சனமும் மூச்சுவிடாம நிக்கும்.”

“சண்டையே வராதா?”

“வராது மாமா.”

சன்னலுக்கு வெளியே நடவில்லாத வயலொன்று தண்ணீரும் வானமுமாக நகர்ந்துபோனது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர ஒருதடவ நம்ம வயலுக்கு வரச் சொல்லேன்.”