சாக்கில் சுற்றிய கேம்ஷாஃப்ட்

கரண்ட் வரும்போது வரட்டும். அந்த மெழுகுவத்தியை நடுவில் வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் பிறகு என்னைத் திட்டக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். உச்சிப் பொழுது அதைவிட மோசம். நம் நிழலே பயந்து காலடியில் ஒளிந்துகொள்ளும் நேரம் அது. நம்ம காசிமின் மாமனாருக்கு ஓர் அண்ணன், அப்துல் சுபான். தர்மபுரியில் எஞ்சின் மெக்கானிக். அவருக்கு நடந்தது அந்த நேரத்தில்தான்.

எண்பத்தாறு, சித்திரை மாதம். நாகமரையிலிருந்து பென்னாகரம் போகிற ரோடு. இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. பஸ் போய்விட்டது. ஆள் இல்லை... மாடு இல்லை... ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. சுபான் தனியாக நடந்துகொண்டிருந்தார். தோளில் எண்ணெய்ச் சாக்கில் சுற்றிய ஒரு கேம்ஷாஃப்ட். கூட வந்தது அதுவும் சந்தேகமும்தான்.

ராஜாமணி என்று ஒரு கல்குவாரி முதலாளி. மேட்டூர் டேம் தண்ணீர் வந்து தேங்கி நிற்கிற நாகமரைக் கரையில் ஸ்பீடு போட் ஒன்று வைத்திருந்தார். பந்தயத்துக்கென்று செய்த போட். உறுமினால் அக்கரையில் ஆடு மிரளும். அந்த எஞ்சின் திடீரென்று இழுவை இழந்து இருமத் தொடங்கியது. சுபானையும் அவர் கூட்டாளி சென்றாயனையும் கூப்பிட்டுவிட்டார்.

எஞ்சினைத் திறந்தால், கேம்ஷாஃப்ட் போயிருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு நீளத் தண்டு. அதன்மேல் முட்டை வடிவில் வரிசையாக மேடுகள். ஒவ்வொரு மேடும் தனக்கென்று உள்ள டேப்பெட் என்கிற குட்டி உருளையைத் தள்ள, அது வால்வைத் திறக்கும். எஞ்சின் மூச்சு விடுவது அப்படித்தான். இந்தத் தண்டில் ஒரே ஒரு மேடு மட்டும் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி தேய்ந்து கிடந்தது.

மெட்ராஸிலிருந்து புது ஷாஃப்ட் வந்தது. டேப்பெட் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், பழையதையே போடு என்றார் முதலாளி. பட்டறை வழக்கம் அப்படி இல்லை. பழைய டேப்பெட் தன் பழைய மேட்டோடு குடும்பம் நடத்தியது, புது மேட்டை நாளாவட்டத்தில் தின்றுவிடும்.

“வேணாம் பாய். பழசு பழச மறக்காது” என்றான் சென்றாயன்.

ஆனைக்கும் அடி சறுக்கும். சுபான் போட்டார். புது ஷாஃப்டின் தலையில் தன் அடையாளமாக பஞ்ச் உளியால் மூன்று புள்ளி அடித்து மாட்டினார். எஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது. பழைய ஷாஃப்டைக் கொட்டகை மூலையில் சாத்திவிட்டு, சாயங்காலம் பென்னாகரத்தில் தங்கை ரஹமத் பீவி வீட்டுக்குப் போனார். சென்றாயன் கரையிலேயே படுத்துக்கொண்டான்.

காலையில் வந்து கிளப்பினால்... டக், டக், டக்... ஒரு இடைவெளி. டக், டக், டக்... இடைவெளி.

முன்மூடியைக் கழற்றி ஷாஃப்டை உருவினார். அதே மேடு. அதே தேய்மானம். தலையில் அவருடைய மூன்று புள்ளி. பழைய டேப்பெட் தின்றிருந்தாலும் மாதக் கணக்கில் ஆகும், ஒரே ராத்திரியில் எப்படி? மூலையைப் பார்த்தார். பழைய ஷாஃப்டைக் காணோம்.

அவருக்குக் கணக்கு சட்டென்று முடிந்துவிட்டது. சென்றாயன் புதியதை உருவி எங்கோ விற்றுவிட்டான், பழையதை உள்ளே மாட்டிவிட்டான். மூன்று புள்ளியா? அதையும் அவனே அடித்திருப்பான், பஞ்ச் அவன் பெட்டியில்தானே கிடக்கிறது.

சென்றாயன் திகைத்துப்போய்ப் பார்த்தான். “ராத்திரி பூரா நீங்கதான பாய் எஞ்சின ஓட்டிக்கிட்டு இருந்தீங்க? கூப்ட்டேன், திரும்பிப் பாக்கல. முதுகெல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சிருந்துச்சு. பெட்ரோலும் பாசியுமா ஒரு நாத்தம்.”

“நான் எந்தங்கச்சி வூட்ல தூங்கிட்டிருந்தேன்டா. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறியா? இத்தன வருசம் எங்கூட இருந்தது திருடறதுக்குத்தானா?”

லாரிகளுக்கு அடியில் ஒன்றாகப் படுத்து ஒன்றாகத் தலை நரைத்தவர்கள். அந்த வார்த்தை சென்றாயனுக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் நேரே போய் போட்டில் ஏறி உட்கார்ந்தான்.

“அத எடுத்துட்டுப் போயி தெரிஞ்சவங்ககிட்டக் காட்டுங்க பாய். நீங்க வந்து நம்பறேன்னு சொல்ற வரைக்கும் நான் இதவுட்டு எறங்க மாட்டேன்.”

அப்படித்தான் சுபான் அந்த ரோட்டில் நடந்தார். தோள் சுட்டது. வெயில் என்று நினைத்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

வழியில் ஒரு புளியமரம். அடியில் மீன் பிடிக்கிற சவுரியப்பன் வலையைப் பரப்பி, அடிக்கயிற்றில் எடை கட்டிக்கொண்டிருந்தான். சுபான் நின்றுவிட்டார். அவன் மடியில் கிடந்தது ஒரு கேம்ஷாஃப்ட். அதில் ஒரு மேடு மாங்கொட்டை மாதிரி தேய்ந்திருந்தது.

“இது ஏதுப்பா உனக்கு?”

“மொதலாளி குடுத்தாருங்க பாய். நேத்துப் பொழுது சாய, மூலையில சும்மாதான கெடக்குது, எடுத்துக்கோன்னாரு. வலைக்கு நல்லாக் கனம் குடுக்கும்.”

சுபான் மறுபடி கணக்குப் போட்டார். பழையது இங்கே இருக்கிறது. அப்படியானால் தோளில் இருப்பது புதியதேதான். சென்றாயன் எதையும் மாற்றவில்லை, பொய்யும் சொல்லவில்லை. பிறகு ராத்திரி எஞ்சினை ஓட்டியது யார்?

விஷயத்தைச் சொன்னார். சவுரியப்பன் ஊசியைக் கீழே வைத்தான்.

“மின்ன அந்தப் போட்ட ஓட்டினது மல்லையனுங்க. மலைக்காரன், பாவம். பெட்ரோல் திருடறான்னு மொதலாளி சொல்லிப்புட்டாரு. நம்பற வரைக்கும் எறங்க மாட்டேன்னு அவனும் போட்டுலயே உக்காந்துட்டான். மறாநா காலையில போட்டு மட்டும் கரையில இருந்துச்சு. ஆளு கெடைக்கவேல்ல. உங்ககிட்ட யாரும் சொல்லலீங்களா?”

யார் சொல்வார்கள்?

அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக்... இடைவெளி. டக், டக், டக்... இடைவெளி.

“உங்க எஞ்சின் ஓடுதுங்களே பாய்” என்றான் சவுரியப்பன்.

“எப்படிய்யா ஓடும்? ஷாஃப்ட் எங்கிட்ட இருக்குது” என்றார் சுபான். சொல்லி முடிக்கும் முன்பே தோள் தீய்ந்தது. சாக்கைக் கீழே போட்டார். எண்ணெய் புகைந்தது. எஞ்சினிலிருந்து அந்த நிமிஷம் உருவியது போல ஒரு கொதி. அந்தப் புகையில் பாசி நாற்றம்.

சாக்கை வேட்டித் தலைப்பில் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினார். செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்தது. சவுரியப்பனும் பின்னாலேயே ஓடினான். கரை தெரிந்தபோது போட் நடுத்தண்ணீரில் இருந்தது. சென்றாயன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொருத்தன். முதுகு மட்டும்தான் தெரிந்தது... வழிய வழிய நனைந்த முதுகு.

“சென்றாயா, நான் நம்பறேன்டா. எறங்கி வந்துரு. நான் சொன்னது தப்புடா” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார் சுபான்.

சென்றாயன் திரும்பினான். கேட்டது என்பதுபோல ஒரு தரம் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் இன்னொரு இடைவெளி விழுந்தது. பிறகு எல்லாமே நின்றுவிட்டது.

போட் தானாக மிதந்து கரைக்கு வந்தது. உள்ளே யாரும் இல்லை. எஞ்சின் காலையில் கழற்றிப் போட்டது போட்டபடி, முன்மூடி இல்லாமல், ஷாஃப்ட் இருந்த ஓட்டை கறுப்பாக வாய் பிளந்திருக்கக் கிடந்தது. சென்றாயன் உட்கார்ந்திருந்த சீட் நனைந்திருந்தது. சவுரியப்பனும் ஊர் ஆட்களும் வலை போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு சுபான் அதே கரையில் சாக்கை அவிழ்த்தார். ஷாஃப்ட் ஆறி, ஆற்றுக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. தலையில் அவர் அடித்த மூன்று புள்ளி. ஒரு மேடு தேய்ந்தது, அவர் பார்த்ததுதான். அதற்கு அடுத்த மேடும் இப்போது தேய்ந்திருந்தது.

அதைத் தண்ணீரில் வீசவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. தர்மபுரிப் பட்டறை அலமாரியில் வைத்துக்கொண்டார். காசிம் கண்ணால் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு சுபான் யாரையும் சந்தேகப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை. சாகிற வரைக்கும் தினமும் காலையில் பட்டறையைத் திறந்ததும், சாக்கை அவிழ்த்து, மூன்றாவது மேடு தேயாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.