அக்காவின் காரை இழுத்த அதிகாரிகள்

திருப்பத்தூரிலிருந்து மலைமேல் இருக்கும் புதூர்நாடு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

“நேத்து மெட்ராஸ்ல எங்க அக்கா காரை, பெரிய பெரிய போலீஸ் ஆபீசருங்க கயிறு கட்டி இழுத்தாங்கம்மா.”

“ஏண்ணா, வண்டி ரிப்பேரா?”

“இல்லம்மா. அக்கா டிஜிபியா இருந்து ரிட்டயர் ஆயிடுச்சு. கடைசி நாள்ல அப்படி இழுத்துத்தான் வழியனுப்புவாங்க. அது மரியாதை.”

“நம்ம மலைக்காரப் பொண்ணா டிஜிபி! எப்படிண்ணா?”

“அது காலேஜ் படிக்கச்சொல்ல, மரம் வெட்டுனாருன்னு எங்கப்பாவப் போலீசுல புடிச்சிக்கினு போய்ட்டாங்க. அவரு ஒண்ணுமே பண்ணல. அக்கா தனியா ஸ்டேஷனுக்குப் போயி, ‘இன்னா கேசுன்னு எழுதிக் குடுங்க’ன்னு கேட்டுச்சு. எழுத ஒண்ணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே நின்னுச்சு. அப்பாவ வுட்டுட்டாங்க. மலை ஏறி வர்றப்பவே, ‘நான் போலீசாத்தான் ஆவேன்’னு சொல்லிடுச்சு.”

“அப்பா பாத்தாரா?”

“எஸ்பி ஆன வரைக்கும் பாத்தாரு. எந்த ஊருக்கு மாத்துனாலும், ‘காரணம் எழுதாம யாரையும் ஸ்டேஷன்ல வைக்கக் கூடாது’ன்னு அக்கா மொத ஆர்டர் போடும்.”

பேருந்து ஒரு வளைவில் திணறி ஏறியது. அவர் குரலை உயர்த்தினார்.

“நேத்து அம்மாவ கார்ல பக்கத்துல உக்கார வச்சிக்கிச்சு. அம்மா கண்ணாடிய எறக்கி, ‘மெதுவா இழுங்கப்பா, கை வலிக்கப் போவுது’ன்னுது. அத்தினி ஆபீசரும் சிரிச்சிட்டாங்க. இத்தினி வருசமா காக்கிச் சட்டையில அழுவாத எங்கக்கா, அம்மா தோள்ல சாஞ்சி அழுதுடுச்சும்மா.”