தகவலாளி எண் ஒன்பது

தேநீரில் எனக்குச் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். என் உடம்பில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பங்காளிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு ஊட்டினால் மற்றது கோபித்துக்கொள்ளும்.

நான் ஓய்வுபெற்ற பேராசிரியன். போலி மருந்து விற்கும் கள்ளச்சந்தையைப் பற்றி இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி. ரவுடிகளோடு உட்கார்ந்து நான் குடித்த தேநீரைத் தேக்கினால் ஓர் ஏரி நிரம்பும். "கல்யாண நாள் மறந்துபோகுது, எவன் எவனைக் குத்தினான்னு மட்டும் தேதியோட ஞாபகம் இருக்கு" என்பாள் என் மனைவி.

அந்தச் சந்தையில் இரண்டு கும்பல்கள். தகராறு வந்தால் நடுவில் உட்கார்ந்து தீர்த்துவைப்பவர் ஒருவர். 'தராசு' என்பார்கள். என் குறிப்பேட்டில் அவர் தகவலாளி எண் ஒன்பது. எங்கள் தொழிலில் தகவல் சொல்பவருக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே ஒரு தாளில், பூட்டிய இழுப்பறையில் இருக்கும். ஒவ்வொரு பேட்டிக்கும் முன்னால் படிவத்தை வாசித்துக் கையெழுத்து வாங்குவேன்: 'உங்கள் பெயர் எங்கும் வெளிவராது.' தராசு சிரிப்பார். "என் பொண்டாட்டிகூட இத்தனை தடவை சத்தியம் பண்ணினதில்ல சார்."

என் கோட்பாடு எளிமையானது. நடுவர் போய்விட்டால் நாற்பது நாளில் சந்தை தன்னைத்தானே தின்றுவிடும். அறுநூறு பக்கம் எழுதினேன். பதிப்புக்குழு மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியது. 'எந்த நடுவரும் இதுவரை போகவில்லையே, ஆதாரம் எங்கே?' நியாயமான கேள்விதான். தராசோ குத்துக்கல் மாதிரி இருந்தார். ஒரு தும்மல்கூடக் கிடையாது. என் இதயத்துக்கு மருத்துவர் ஒரு வருடம்தான் தவணை கொடுத்திருந்தார். அந்த அறுநூறு பக்கம் இல்லாவிட்டால் நான் யார்? சுவரில் தலையை மோதிக்கொண்ட காலைகள் உண்டு. விரிசல் விட்டது சுவர்தான்.

ஒரு மதியம் பெரிய கும்பலின் தலைவனைப் பேட்டி காணப் போனேன். காகிதங்களை மேசைமேல் வைத்தேன். அந்தக் கும்பலைப் பற்றி ஒன்பதாம் எண் சொன்னதெல்லாம் மேலே இருந்தது. அதன் அடியில், இழுப்பறையிலிருந்து அன்று எடுத்துப்போன பட்டியல். மாத்திரை போடத் தண்ணீர் வேண்டுமென்று உள்ளே போனேன். ஒரு மாத்திரையை விழுங்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது பட்டியல் மேலே இருந்தது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை தராசு என் வீட்டுக்கு ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"எவனோ என் பேரைக் குடுத்துட்டான் சார். கடைவாசல்ல ஆள் நிக்கிறான். பொண்ணை அவ சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? எப்படியாவது என்னை ஊரை விட்டு அனுப்பிடுங்க சார்."

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். பதிவுக் கருவியை இயக்கிவிட்டுப் படிவத்தை வாசித்தேன்.

"இப்பவுமா சார்?"

"வழக்கம்தானே."

கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. நாற்பத்தொரு கேள்விகள் கேட்டேன். அப்படிப்பட்ட பேட்டி உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளனுக்கும் வாய்த்ததில்லை. கடைசியில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நான்கு நிமிடம் பதிவாகியிருக்கிறது, பிற்சேர்க்கையில் சேர்த்திருக்கிறேன். "பார்க்கலாம்" என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினேன். வெயிலில் கால் சுடுமே என்று என் செருப்பைக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் கடைத்தெருவில் கிடந்தார். அந்தச் செருப்புதான் உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. இரக்கப்பட்டதற்குக் கிடைத்த பலன்.

தராசு போய் இன்று முப்பத்தாறாம் நாள். அவருக்குப் பிறகு இரண்டு கும்பல்களிலுமாகப் பதினொரு பேர் செத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: இன்னும் நான்கு நாள் உங்கள் ஆட்கள் சந்தைக்குள் நுழைய வேண்டாம். வெளியாள் கை பட்டால் முடிவு கெட்டுவிடும்.

என் மனைவிகூட என்னைத் துரோகி என்கிறாள். அறுநூறு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், எங்கும் ஒன்பது என்றுதான் இருக்கும். இவ்வளவு நேரம் பேசியும் உங்களிடம்கூட அவருடைய பெயரை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றியிருக்கிறேன்.